நாலாவது பாட்டும் இரண்டாவது மாடியும்

தாராவி, 90 அடி ரோடு
8 ஜூலை 2025, செவ்வாய்

தம்பி மாரீஸ்வரனுக்கு,

உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன் என்பது உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நேற்று நீ பேசிய பேச்சுக்கு அதுதான் மரியாதை. “அக்கா, ரெக்கார்டு ரொம்ப நல்லா வந்திருக்கு, அதான் சந்தேகமா இருக்கு” என்றாய். நல்லா வந்ததற்குச் சந்தேகப்படுகிற ஆளை என் வயசில் இப்போதுதான் பார்க்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய், நீ வாயை மூடுவதைக் கேட்டு நான் இன்னும் கத்துவேன். அதனால் இனி எல்லாம் எழுத்தில். உன் பெண்டாட்டி பிரேமா செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சயான் ஆபீசுக்குப் போகும் முன்னால் என் கிளாசுக்கு வருகிறாள். அவள் ஹேண்ட்பேக்தான் தபால் பெட்டி. அவளிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு “அப்படியா, யாரும் சொல்லலையே” என்று நீ கேட்கக் கூடாது. எங்கள் பில்டிங் முழுக்க ஸ்டீல் தூணும் ஸ்டீல் பீமும். கீழே கடைகள். முதல் மாடியில் டாக்டர் சாயிமாவின் ரத்தப் பரிசோதனை லேப். இரண்டாவது மாடியில் ஹால். அங்கே காலை ஏழரைக்கு என் கிளாஸ், பாட்டுப் போட்டு ஆடுகிற உடற்பயிற்சி. வருகிறவர்கள் இருபத்தாறு பெண்கள், பாதிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள், என்னையும் சேர்த்து. நாங்கள் குதித்தால் கீழே மைக்ராஸ்கோப் ஆடுகிறது, மலேரியா ஸ்லைடு பார்க்க முடியவில்லை என்று சாயிமா புகார் கொடுத்தார். சொசைட்டி சேர்மன் கணேசபாண்டியன் அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டு, பில்டிங்கே ஆடுகிறது, எஞ்சினியர் ரிப்போர்ட் கொண்டு வா, இல்லையென்றால் ஹாலைக் காலி பண்ணு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

நீயும் எஞ்சினியர்தானே என்று உன்னைக் கூப்பிட்டேன். முந்தாநாள் அதிர்வை அளக்கிற மெஷினோடு வந்தாய். எங்களை ஆறு பாட்டுக்கும் ஆடச் சொன்னாய். ஆடினோம். சும்மா இல்லை, உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் தொடை வலி என்கிறார்கள். பிரேமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் படி ஏறினாள். அப்படி ஆடியும் உன் மெஷின் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அப்புறம் கையெழுத்துப் போட உனக்கு என்ன?

இந்த ஹால் கிடைப்பதற்கு முன்னால் எங்கள் சந்தில் ஒரு அறையில் எட்டு எட்டுப் பேராக நடத்தினேன். கையை விரித்தால் பக்கத்து ஆளின் முகத்தில் இடிக்கும். தாராவியில் இருபத்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் கையை விரிக்க வேறெங்கே இடம் இருக்கிறது, சொல்லு. தெரிந்தால் நானே அங்கே போய்விடுகிறேன்.

பதிலைப் பிரேமாவிடம் கொடு. ரிப்போர்ட்டையும்.

செல்வி


வாஷி
10 ஜூலை, வியாழன்

அக்கா,

பிரேமா உன் கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல ரசம் ஊற்றினாள். படித்து முடிக்கும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

போனில் சரியாகச் சொல்லவில்லை என்பது உண்மை. எழுதிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது இரண்டு வேலை. நீங்கள் ஆடுவதற்கு முன்னால் ஹாலின் நடுவில் தனியாக நின்று, முன்னங்காலில் எழும்பி, குதிகாலைத் தொம்மென்று தரையில் போட்டேன். அங்கங்கே நகர்ந்து நின்று திரும்பத் திரும்பப் போட்டேன். “எந் தம்பி ஒத்தையில கிளாஸ் எடுக்கான்” என்று நீ சொல்லி எல்லாரும் சிரித்தீர்கள். அதுதான் முக்கியமான சோதனை. ஒரு தட்டு தட்டினால் தளம் தன்பாட்டுக்கு ஆடி அடங்கும். எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதை சென்சார் பிடித்துவிடும். உங்கள் தளம் வினாடிக்கு ஆறரைத் தடவைக்குக் கொஞ்சம் மேலே ஆடுகிறது. அடங்கவும் நேரமாகிறது. பீரோ, தடுப்பு, மேசை எதுவும் இல்லாத வெறும் ஹால் அல்லவா. ஆபீசாக இருந்தால் அந்தச் சாமான்களே பாதி ஆட்டத்தைத் தின்றுவிடும்.

அந்த அளவை வைத்து, இருபத்தாறு பேர் ஒவ்வொரு பாட்டுக்கும் குதித்தால் மேலே எவ்வளவு ஆடும், டாக்டர் மேசை எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போடலாம். போட்டேன். மற்ற பாட்டெல்லாம் பரவாயில்லை. நாலாவது பாட்டுக்கு நன்றாகவே ஆட வேண்டும். அப்புறம் நீங்கள் ஆடினீர்கள். நாலாவது பாட்டில் நான் அளந்தது கணக்கில் ஐந்தில் ஒரு பங்குதான். என் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு தப்பாது.

ஆபீசில் சங்கரன் சாரிடம் காட்டினேன். மாட்டுங்காக்காரர், ரிப்போர்ட்டில் கையெழுத்து அவருடையதும் வேண்டும். கிராஃபைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, அத்தனை பேரும் ஆடினாளா, இல்லே உக்காந்து பாட்டு கேட்டாளா?” என்றார்.

தளம் இவ்வளவு அமைதியாக இருந்தால் டாக்டர் சாயிமா புகார் கொடுத்திருக்க மாட்டார். அவர் பொய் சொல்கிற ஆள் என்று நீயே சொன்னதில்லை. இன்னொன்று, அந்தத் தொடை வலி. ஒன்றரை வருஷமாக ஆடுகிறவர்களுக்கு ஒரே நாளில் தொடை பிடிக்கிறது. தொம்மென்று குதித்தால் தரை எடையை வாங்கிக்கொள்ளும். சத்தம் வராமல் உடம்பைத் தாங்கித் தாங்கி இறக்கினால்தான் தொடை வாங்கும்.

நேராகவே கேட்கிறேன். அவர்களை மெதுவாகக் கால் வைக்கச் சொன்னாயா?

ஒன்று மட்டும் இப்போதே எழுத்தில் தருகிறேன், அண்ணாச்சியிடம் காட்டு. அந்தத் தளம் இடியாது. பீம் தாங்கும் பலத்தில் கால்வாசிகூட உங்கள் ஆட்டம் கேட்கவில்லை. ஆடுவது வேறு, விழுவது வேறு.

மாரி


தாராவி
12 ஜூலை, சனி

தம்பி,

நான் சொல்லவில்லை. ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னேன் என்று நீ நினைத்ததே எனக்குப் போதும்.

குர்லாவில் ஒரு எஞ்சினியர் வந்து பார்க்காமலேயே ரிப்போர்ட் தருகிறாராம். அண்ணாச்சியே சாடையாகச் சொன்னார். எனக்கு அது வேண்டாம், என் தம்பி இதே வேலையைத்தான் செய்கிறான், அவன் உள்ளதை உள்ளபடி அளந்து தருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தம்பி இவர்கள் தொடை வலியை வைத்து என்னைத் திருடி என்கிறான்.

நீ கையெழுத்துப் போடாதது நியாயத்துக்காகவா, இல்லை சங்கரன் சார் முன்னால் உன் கணக்கு ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா? யோசித்துப் பதில் எழுது.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன். ஹாலில் முன்பக்கச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறது அல்லவா. நாலாவது பாட்டு வந்தால் அதில் எங்கள் உருவமெல்லாம் மங்கும், கண்ணாடியே நடுங்கும். எப்போதும் அப்படித்தான். நீ அளந்த அன்றைக்கு அது நடுங்கவில்லை. என் முகம் தெளிவாகத் தெரிந்தது. மழை ஈரத்தில் ஆணி இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு மழை கொட்டுகிறது. கண்ணாடி நடுங்கியது.

செல்வி


வாஷி
15 ஜூலை, செவ்வாய்

அக்கா,

நீ சொல்லவில்லை. தெரிந்துகொண்டேன். உன்னைக் கேட்டது தப்பு. மன்னித்துவிடு.

கண்ணாடி பற்றி நீ எழுதியதைப் பிரேமாவுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு நீ மேலே ஹாலில் என்னோடு இருந்தபோது, படிக்கட்டில் உன் கிளாசுக்கு வரும் பேகம் எல்லாரையும் நிறுத்தியிருக்கிறாள். “நாலாவது பாட்டுலதான் கீழ ஆடுது. பூனை மாதிரி கால வைங்க. செல்விக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா விடமாட்டா” என்றாளாம். அவ்வளவுதான் கூட்டம். ஒருத்தர் விடாமல் தலையாட்டினார்கள். என் பெண்டாட்டி உட்பட.

ஒரு வாரமாக நான் லேப்டாப் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டிருந்ததை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்க மெஷினை ஏமாத்தணும்னு இல்லங்க. மதினி அன்னைக்கு மூஞ்சியில பயத்தோட நின்னாங்க. அதப் பாத்துட்டு எப்படித் தொம்மு தொம்முன்னு குதிக்க?” என்றாள். கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், கணக்கு ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. பொய்யான அளவை வைத்துக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே கீழே மேசை ஆடும். டாக்டர் இன்னொரு ஆளைக் கூட்டிவந்து அளப்பார். அப்போது உன்னை ஒரே நாளில் வெளியே அனுப்புவார்கள்.

அந்த ஒரு பாட்டு மட்டும் ஏன் என்று உனக்குத் தோன்றும். பைப்பில் தண்ணீர் பிடித்து நிறை ஹண்டாவைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்திருக்கிறாய். ஒரு நடையில் நடந்தால் தண்ணீர் தளும்பி உடம்பெல்லாம் நனையும். கொஞ்சம் வேகத்தை மாற்றினால் அதே தண்ணீர் சொன்னபடி கேட்கும். பலமாக நடப்பதால் அல்ல, உன் நடை தண்ணீரின் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்வதால் தளும்புகிறது. நாலாவது பாட்டின் தாளம் நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. நீங்கள் ஒரு தடவை குதிப்பதற்குள் உங்கள் தளம் சரியாக மூன்று தடவை ஆடி முடிக்கிறது. ஒவ்வொரு குதியும் அதை ஏற்றிவிடுகிறது. மற்ற பாட்டுகள் அப்படிச் சேருவதில்லை.

மறுபடி அளக்க வேண்டும், இந்தத் தடவை உள்ளபடி. அதற்கு முன்னால் ஒரு வேலை செய். ஒரு நாள் கிளாசை வேறு யாரையாவது எடுக்கச் சொல்லிவிட்டுக் கீழே போ. டாக்டரிடம் கேட்டு அந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை கண்ணை வைத்துப் பார். நான் எண்ணாக எழுதுவதைவிட அது உனக்கு நன்றாகப் புரியும்.

மாரி


தாராவி
17 ஜூலை, வியாழன்

தம்பி,

போனேன். நேற்று.

பேகத்தைக் கிளாஸ் எடுக்கச் சொன்னேன். முதலில் அவளைத் திட்டித் தீர்த்தேன், அது வேறு கதை. அழுதாள். அவள் அழுததும் நானும் அழுதேன். அப்புறம் பாட்டுப் போட நேரமாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மேலே போனாள், நான் கீழே போனேன்.

சாயிமா நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பார்க்க வந்தேன் என்றதும் ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பெரிய லென்ஸைத் திருப்பி, இந்தச் சக்கரத்தை லேசாகத் திருகினால் தெளியும் என்று காட்டினார். யாரோ ஒரு காய்ச்சல்காரரின் ரத்தம். வெளிறிய ரோஜா நிறத்தில் வட்டம் வட்டமாகக் கிடந்தது. அதில் ஒரு வட்டத்துக்குள் மோதிரம் மாதிரி ஒரு பொடிக் கோடு இருந்தால் மலேரியா. அந்தக் கோட்டைத்தான் தேட வேண்டும் என்றார். எனக்கு வட்டத்தைப் பார்ப்பதே பெரிய பாடாக இருந்தது.

அங்கே ஏசி சத்தத்தில் மேலே போடும் பாட்டு காதில் விழாது. முதல் மூன்று பாட்டும் எப்போது போனது என்றே தெரியவில்லை. திடீரென்று அந்த வட்டங்கள் எல்லாம் நடுங்கின. ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. நாலாவது பாட்டு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரணத்தில் கொஞ்சம் குறைந்து பல்லவி திரும்பியதும் கூடியது. ஒரு சத்தம் கேட்காமல், ரத்தத்தைப் பார்த்தே நான் பாட்டைச் சொல்லிவிடுவேன் தம்பி.

தலையை நிமிர்த்தினால் சாயிமா கையில் டீ கப்போடு நிற்கிறார். இந்தப் பாட்டு வந்தால் நான் டீ குடிப்பேன், வேறென்ன செய்ய என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. மற்ற மாதங்களில் அப்படியே ஓட்டிவிட்டாராம். மழை வந்ததும் ஸ்லைடு குவிந்து, காலையிலேயே ஆட்கள் ரிசல்ட் கேட்டு வாசலில் நிற்கிறார்களாம். அதனால்தான் புகார். எங்களைக் காலி பண்ணச் சொல்லி அவர் எழுதவே இல்லை. அது அண்ணாச்சியின் சொந்தச் சரக்கு.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் தலைமேல் நின்று குதித்திருக்கிறேன், ஒரு தடவை கீழே இறங்கி என்னம்மா என்று கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு வா. எல்லாரையும் வரச் சொல்லிவிட்டேன். தினமும் குதிப்பது மாதிரியே குதிக்க வேண்டும், பாவம் புண்ணியம் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அளந்து உள்ளதை எழுது. ஹால் போனால் போகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஆனாலும் வா.

செல்வி


வாஷி
24 ஜூலை, வியாழன்

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நீ எனக்கு இட்லி எடுத்து வைத்திருந்தாய். சட்னி நன்றாக இருந்தது.

ரிசல்ட் வந்துவிட்டது. நாலாவது பாட்டில் அளந்ததும் என் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சங்கரன் சார் பார்த்துவிட்டு, “இப்ப சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. கணக்கு ஜெயித்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன செய்யலாம் என்று வழக்கமான வழிகளைப் பார்த்தேன். தளத்துக்கு அடியில் ஸ்டீல் சேர்க்கலாம், அதற்கு லேப் கூரையை முழுக்கக் கழற்ற வேண்டும். ஆட்டத்தை வாங்கிக்கொள்கிற எடைகளைத் தொங்கவிடலாம், அதற்கும் அதே கதை. சொசைட்டி இரண்டையும் செய்யாது. பாட்டின் வேகத்தைக் குறைக்கலாம். அப்படிச் செய்தாலும் குதி இருக்கும்வரை டாக்டரின் பெரிய லென்ஸ் முழுசாகத் தெளியாது.

செவ்வாய்க்கிழமை இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேமா பின்னால் வந்து நின்றாள். மேலே இருப்பது எது என்றாள். நீங்கள் ஏமாற்றிய அன்றைக்கு எடுத்தது என்றேன். “ஏமாத்துன அன்னைக்கு மட்டும் நாங்க ஆடலியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

முதல் ரெக்கார்டு பொய் இல்லை அக்கா. நான் அதற்கு வைத்த பெயர்தான் தப்பு. வழக்கமாகக் குதிக்கும்போது இவ்வளவு ஆடும் என்று எழுதினால் அது பொய். ஆனால் அதே இருபத்தாறு பேர், அதே பாட்டு, அதே வேகம், பாதத்தை மெதுவாக இறக்கினால் இவ்வளவுதான் ஆடும் என்று எழுதினால் அது முழு உண்மை. அன்றைக்கு லேப் சாவி வாங்கி டாக்டர் மேசையிலும் ஒரு சென்சார் வைத்திருந்தேன், அதன் அளவு அந்த மைக்ராஸ்கோப்புக்குத் தேவையான எல்லைக்குள்தான் இருக்கிறது. தளம் ஆடுவது இறங்கும்போது கொடுக்கும் இடியால். இடியைத் தரைக்குக் கொடுக்காமல் தொடை வாங்கிக்கொண்டால் தளத்துக்கு ஏற வழி இல்லை. ஒரு போல்ட்டுகூடச் சேர்க்காமல் உங்கள் ஆட்கள் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். நானும் நீயும் அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சர்க்கரைக்கு அந்த ஆட்டம் போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும். பிரேமா தொடையைக் கேட்டால் தாராளமாகப் போதும் என்கிறது. குதித்தே ஆக வேண்டும் என்றால் லேப் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை குதியுங்கள்.

இப்போது கஷ்டமான விஷயம். ரிப்போர்ட்டில் இரண்டு ரெக்கார்டையும் போட்டால், ஏன் இரண்டு என்று எழுத வேண்டும். முதல் நாள் மாணவிகள் தாங்களாகவே, ஆசிரியைக்குத் தெரியாமல், சோதனையை ஜெயிப்பதற்காக மெதுவாகக் கால் வைத்தார்கள் என்று எழுத வேண்டும். அதை மழுப்பி எழுத நானும் மாட்டேன், சங்கரன் சாரும் விடமாட்டார். மீட்டிங்கில் அண்ணாச்சி அதைக் கடைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் உரக்கப் படிப்பார். அவர் படிக்கிற விதம் உனக்குத் தெரியும். உன் கிளாசுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளலாம்.

அது வேண்டாம் என்றால் இரண்டாவது ரெக்கார்டை மட்டும் வைத்து எழுதித் தருகிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் ஹால் போய்விடும். எது வேண்டும் என்று சனிக்கிழமை பிரேமாவிடம் எழுதிக் கொடு.

மாரி


தாராவி
26 ஜூலை, சனி

தம்பி,

இரண்டையும் போட்டு எழுது. எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன். பேகம் பெயரை மட்டும் போடாதே, ‘மாணவிகள்’ என்று போடு.

செல்வி


தாராவி
29 ஜூலை, செவ்வாய்

தம்பி,

பிரேமா பாதியைச் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

மீட்டிங் ஹாலிலேயே நடந்தது. கடைக்காரர்கள் நாற்காலியில், நாங்கள் பின்சுவர் ஓரமாக நின்றோம். அண்ணாச்சி உன் ரிப்போர்ட்டை நிறுத்தி நிறுத்திப் படித்தார். தளம் இடியாது என்ற வரி வந்ததும் கீழ்த்தளத்து மொபைல் கடைக்காரர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. அப்புறம் அந்த இடம் வந்தது. படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“அப்போ மொத நாளு எஞ்சினியரவே ஏமாத்தியிருக்கிய, அப்படித்தான?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேகம் முன்னால் போய்விட்டாள். “ஆமா அண்ணாச்சி. நாங்கதான் பேசிக்கிட்டோம். செல்விக்குத் தெரியாது” என்றாள். நீ அவள் பெயரை விட்டது வீண். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போய் நின்றார்கள். கடைசியில் பின்சுவர் ஓரத்தில் நான் மட்டும் இருந்தேன். உன் பெண்டாட்டி அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றாள், தலையைக்கூடக் குனியவில்லை.

ஒரு கடைக்காரர் ஏதோ கேலியாகச் சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது சாயிமா எழுந்தார். புகார் கொடுத்தது நான், சிரிக்கிறவர்கள் இல்லை, இவர்கள் மெதுவாக ஆடினால் என் மேசை ஆடாது என்று ரிப்போர்ட் சொல்கிறது, ஆடிக் காட்டட்டும் என்றார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாதம் பார்ப்போம், அதற்குள் டாக்டர் ஒரு தடவை புகார் சொன்னாலும் ஹால் காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உன் நம்பரை பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். உடனே போன் பண்ணிவிடாதே, எழுதியே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள்.

நேற்று திங்கட்கிழமை முதல் கிளாஸ். புதிதாக நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. “மெஷின் வச்ச அன்னைக்கு ஆடுன மாதிரி ஆடுங்க” என்றேன், அவ்வளவுதான். ஆடினார்கள். நானும் ஆடினேன். முதல் தடவை என்பதால் இரண்டாவது பாட்டிலேயே எனக்குத் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நாலாவது பாட்டு வந்தபோது கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லார் முகமும் அதில் தெளிவாக இருந்தது. அந்த ஹாலில் முதல் தடவையாகப் பாட்டின் வார்த்தைகள் எனக்கு முழுசாகக் கேட்டன, அவ்வளவு கண்றாவியான வரிகள் என்று இத்தனை நாள் தெரியாது.

ஆறாவது பாட்டும் முடிந்த பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. முதல் நாளே புகார் என்று நினைத்தேன். போய்த் திறந்தேன். சாயிமா நின்றார். படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் அந்த டீ கப், நிறைய அப்படியே இருந்தது.

“நாலாவது பாட்டு வரட்டும், குடிக்கலாம்னு வச்சிருந்தேன். ஆறிப்போச்சு. இன்னைக்கு கிளாஸ் லீவா?” என்று கேட்டார்.

என் பின்னால் இருபத்தாறு பேரும் வேர்வை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்கள்.

செல்வி